அளவு சரி, சட்டை சரியில்லை

பெரிய நகரத்தில் தையல் கடைக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக் கதவும் சோபாவும் துணி மாதிரிப் புத்தகங்களுமாக ஒரு வகை. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் இன்னொரு வகை. நடுவில் எத்தனையோ. ஆனாலும் "நல்லா சட்டை தைக்கிறவங்க யாராவது தெரியுமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இதற்குத் தையல்காரர்களின் கைத்திறனைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊர் பெரிதாகப் பெரிதாகச் சட்டை தைக்கும் வேலையும் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. அளவு எடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறெங்கோ, காலர் மட்டும் செய்ய ஒரு ஆள், காஜா போட இன்னொரு இடம். காலரும் காஜாவும் எங்கே நடந்தாலும் பரவாயில்லை. வெட்டுகிறவர் உங்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்னும்போதுதான் காரியம் கெடுகிறது. அதனால் கடையின் பெயரைத் தேடிப் பயனில்லை, கத்தரி யார் கையில் இருக்கிறது என்று தேட வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குத் தைத்த சட்டைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். கழுத்து மெலிது, கை நீளம். ரெடிமேட் சட்டையில் காலர் அளவு ஏறினால் மார்பும் இடுப்பும் கையும் கூடவே ஏறும். ஒரு சராசரி உடம்பை வைத்துக்கொண்டு அதைப் பெருக்கியும் சுருக்கியும் போடுகிறார்கள். அந்தச் சராசரி ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. இருந்தால் பாக்கியவான்.

ஒருமுறை, பளபளப்பான ஒரு கடையில் அளவு கொடுத்தேன். பெயர் வேண்டாம். அளவெடுத்த பையன் மிகவும் மரியாதையானவன். இஞ்ச் டேப்பைப் போட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, இன்னொருவர் கணினியில் ஏற்றினார். கழுத்து, தோள், மார்பு, வயிறு, இடுப்பு, கை, மணிக்கட்டு, முழங்கைச் சுற்று வரை. இவ்வளவு அளவு எடுக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சட்டை வந்தது. வலது தோளிலிருந்து அக்குளை நோக்கிச் சரிவாக ஒரு மடிப்பு. காலரின் ஒரு பக்கம் கழுத்தைத் தொட, மறுபக்கம் விலகி நின்றது. கையை முன்னால் நீட்டினால் முழுச் சட்டையும் இடுப்பிலிருந்து கிளம்பி மேலே வந்தது.

திருப்பி எடுத்துப் போனேன். சட்டையை மேஜைமேல் விரித்து, டேப் வைத்து ஒவ்வொன்றாக அளந்து காட்டினார்கள். "பாருங்க சார், நீங்க குடுத்த அளவுதான். எல்லாம் சரியாத்தானே இருக்கு?" ஆமாம், எல்லா எண்ணும் சரியாகத்தான் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வெட்டியது நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பட்டறை. அங்கே போய்ச் சேர்ந்தது எண்கள் மட்டும். உயரத்தையும் எடையையும் சொல்லி ஒருவருடைய முகத்தை வரையச் சொன்னதுபோல ஆகிவிட்டது.

சட்டையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது என்பது புரியும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சட்டை என்பது சதுரங்களும் செவ்வகங்களும்தான். துணி வீணாகக் கூடாது என்று நேர்நேராக வெட்டி, கழுத்திலும் மணிக்கட்டிலும் சுருக்கம் வைத்துக் கட்டினார்கள். கையைத் தூக்க இடம் வேண்டும் என்று அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டை வைத்தார்கள். அதை வெட்டத் தனித் திறமை வேண்டியதில்லை, வீட்டிலேயே தைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் சட்டை உடம்போடு ஒட்ட ஆரம்பித்தது. தோளுக்குச் சரிவும் கை பொருத்தும் இடத்துக்கு வளைவும் வந்தன. பாரிஸில் 1838-இல் தொடங்கிய ஷார்வே, சட்டைக்கென்றே நடந்த முதல் கடைகளில் ஒன்று. அப்போதும் பெரும்பாலான சட்டைகள் தலைவழியாக மாட்டுபவைதான். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்து பட்டன் போடும் சட்டையை லண்டனில் ஒரு நிறுவனம் 1871-இல் பதிவு செய்தது. ஆக, கட்டிங் மாஸ்டர் என்ற ஆளுக்கு வேலை கொடுத்தது அந்த வளைவுதான். நேர்க்கோட்டை எண் சொல்லிவிடும். வளைவு எப்படி ஓட வேண்டும் என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அந்த வளைவுகளில் முக்கியமானது ஆர்ம்ஹோல், கையை உடலோடு பொருத்தும் வட்டம். தாராளமாக இருக்கட்டும் என்று அதைப் பெரிதாக, கீழே இறக்கி வெட்டுவது பல கடைகளில் பழக்கம். வசதியாக இருக்கும் என்றுதான் நமக்கும் தோன்றும். நடப்பது நேர் எதிர். வட்டம் கீழே இறங்கினால் கையும் உடலும் சேரும் இடம் விலாவில் வந்து நிற்கும். கையைத் தூக்கும்போது சட்டையின் உடம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அக்குளுக்குப் பக்கத்தில், உயரமாக வெட்டிய ஆர்ம்ஹோலில் கை மட்டும் அசையும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் உயரமாக வெட்டத் துணிச்சல் வேண்டும். அரை இஞ்ச் தவறினால் அக்குளில் அறுக்கும், ஆள் சண்டைக்கு வருவார். ஆளைப் பார்க்காமல் வெட்டுகிறவர் அந்த ஆபத்தில் ஏன் இறங்க வேண்டும்? இறக்கி வெட்டிவிட்டுப் போவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அடுத்தது யோக். கழுத்துக்குப் பின்னால் இரண்டு தோள்களையும் மூடி வரும் அந்தப் பட்டைத் துண்டு. இதை ஒரே துண்டாகவும் வெட்டலாம், நடுவில் இணைத்து இரண்டு துண்டாகவும் வெட்டலாம். இரண்டு துண்டு என்றால் உயர்ந்த ரகம் என்று ஒரு பேச்சு உண்டு. கோடு போட்ட துணியில் அந்த இணைப்பு அம்புமுனைபோல அழகாகத் தெரியும், அது வாஸ்தவம். ஆனால் அதன் உண்மையான பயன் என்னைப் போன்றவர்களுக்குத்தான்: ஒரு தோளை மட்டும் தனியாக இறக்கி வெட்டலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வெட்டி நடுவில் இணைத்திருந்தால் அது வெறும் அலங்காரம்.

சரி, இப்படி வெட்டுகிறவரை எங்கே தேடுவது? இணையத்தில் நட்சத்திரம் போடுகிறவர்கள் சட்டை கையில் வந்த அன்றைக்கே போட்டுவிடுகிறார்கள். சொன்ன தேதிக்குக் கொடுத்தார்கள், சிரித்துப் பேசினார்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது. எனக்குப் பயன்பட்ட வழிகள் வேறு.

ஆல்ட்ரேஷன் மட்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, கீழ்விளிம்பைக் குறைத்து, இடுப்பைப் பிடித்துக் கொடுப்பவர்கள், அவர்களிடம் கேளுங்கள். நகரத்துச் சட்டைகளின் உட்புறத்தை அவர்களைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் யாருமில்லை. எந்தக் கடைத் தையலைப் பிரிக்கும்போது கை வலிக்கிறது, எது இழுத்தவுடன் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. புதுச் சட்டை தைப்பவர்களோடு போட்டியும் இல்லாததால் ஒளிக்காமல் சொல்வார்கள். அடுத்து, பட்டனும் கேன்வாஸும் நூலும் விற்கிற கடை. நல்ல சரக்கை யார் வாங்குகிறார்கள், மட்டமானதை யார் மூட்டையாக அள்ளுகிறார்கள் என்பது அந்தக் கல்லாவுக்குத் தெரியும். மூன்றாவது, தொழிலுக்காகத் தினமும் சட்டை போடுகிறவர்கள்: வழக்கறிஞர்கள், ஹோட்டல் வரவேற்பில் நிற்பவர்கள், மேடையில் வாசிக்கும் இசைக் கலைஞர்கள். அவர்களிலும் நல்ல உடல்வாகு உள்ளவரிடம் கேட்பதில் பயனில்லை, அவருக்கு எது போட்டாலும் பொருந்தும். தொப்பை உள்ளவர், கூன் விழுந்தவர், கழுத்தே இல்லாதவர், இவர்களில் யாருக்காவது சட்டை அழகாக உட்கார்ந்திருந்தால் வெட்கப்படாமல் போய்க் கேட்டுவிட வேண்டும். நான் மின்தூக்கியில்கூடக் கேட்டிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கடைக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வெட்டுறது யாரு? இங்கேயேவா?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு ஆர்வம் போய்விடும். வெளியூரிலிருந்து வந்து ஹோட்டல் அறையில் அளவெடுத்துப் போகும் பெரிய தையல்காரர்களுக்கும் இதே கேள்விதான். அவர்களில் வெட்டுகிறவரே நேரில் வருபவர்களும் உண்டு. விற்பனை ஆளை அனுப்பிவிட்டுப் பட்டறையில் இருப்பவர்களும் உண்டு. உங்களுக்கென்றே காகிதத்தில் புதிதாகப் பேட்டர்ன் (துணியை வெட்ட வழிகாட்டும் வடிவம்) வரைகிறார்களா, ஏற்கெனவே இருக்கும் பேட்டர்னில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாவது முறை மோசம் என்று சொல்ல மாட்டேன். சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் உடம்புக்கு அது தாராளமாகப் போதும், சீக்கிரமும் கிடைக்கும்.

அப்புறம், வேறு யாருக்கோ தைத்துத் தயாராகத் தொங்கும் சட்டை ஒன்றை உள்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்வேன். காட்டத் தயங்கினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். விலாத் தையல் துணி முனையை உள்ளே மடித்து மூடியதாக இருக்க வேண்டும். துணி முனையை மடிக்காமல் சுற்றி நூலோட்டும் ஓவர்லாக் மட்டும் போட்டு விட்டிருந்தால் துவைக்கத் துவைக்கப் பிசிறு தட்டும். நல்ல சட்டையில் ஒரு இஞ்சுக்கு 18 தையலாவது இருக்கும். அவசர வேலையில் 10, 12 என்று நிற்கும். அதற்காக எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், காலர் விளிம்பை ஒரு பார்வை பார்த்தால் போதும். காஜாவைத் திருப்பிப் பாருங்கள். மெஷின் காஜாவில் முதலில் தைத்துவிட்டு அப்புறம் நடுவே வெட்டுவார்கள், கைக் காஜாவில் முதலில் வெட்டிவிட்டு விளிம்பைச் சுற்றித் தைப்பார்கள். கைக் காஜா அழகுதான், ஆனால் அதைக் காட்டியே மயக்குகிற கடைகளும் உண்டு. காஜாவை மட்டும் வைத்து யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். சிப்பிப் பட்டனும் அப்படியே. கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தால் சிப்பி, இல்லையென்றால் பிளாஸ்டிக். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

காலரைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான், முதலில் கெடுவதும் அதுதான். காலருக்குள் விறைப்புக்காகக் கேன்வாஸ் வைப்பார்கள். அதில் இரண்டு வழி. பசை தடவிய கேன்வாஸைச் சூடாக்கி அழுத்தித் துணியோடு ஒட்டிவிடுவது ஒன்று. ஒட்டாமல் உள்ளே வைத்துத் தைத்துவிடுவது இன்னொன்று. ஒட்டிய காலர் கண்ணாடிபோல வழுவழுவென்று இருக்கும், இஸ்திரி போடச் சுலபம். ஆனால் வெப்பமும் அழுத்தமும் சரியாக அமையாவிட்டால் சில சலவைகளில் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதைச் சரிசெய்யவே முடியாது, காலரையே மாற்ற வேண்டும். தைத்த காலர் கொஞ்சம் சுருக்கம் காட்டும், இஸ்திரிக்குப் பொறுமை கேட்கும், ஆனால் கழுத்தோடு வளைந்து உட்காரும், ஆயுளும் அதிகம். எனக்குப் பிடித்தது தைத்ததுதான். அந்த வழுவழுப்பு வேண்டும் என்பவர்களோடு சண்டை போட மாட்டேன். எந்த வழியில் செய்கிறீர்கள், ஏன் என்று கேட்டால் காரணத்தோடு பதில் சொல்பவராக இருந்தால் போதும். காலரின் உயரமும் கழுத்தைப் பார்த்து மாற வேண்டும்: நீளக் கழுத்துக்கு உயரமான பட்டி, குட்டைக் கழுத்துக்குத் தாழ்ந்தது. எல்லாருக்கும் ஒரே உயரத்தில் வைக்கிறார் என்றால் அவர் உங்களைப் பார்க்கவில்லை.

துணியில் எண்களைக் காட்டி அசத்துவார்கள். 100, 120, 200 என்று. நூலின் மெல்லிய தன்மையைக் குறிக்கும் கணக்கு அது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நூல்கண்டு எத்தனை அடங்குகிறது என்பதுதான் அந்த எண். 100 என்றால் ஒரு பவுண்டு நூல் 84,000 கெஜம் நீளும், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். எண் கூடக் கூட நூல் மெலியும், துணி பட்டுப்போல வழுக்கும், கூடவே சீக்கிரம் கசங்கும். 200-ஆம் நம்பர் துணியை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆளுக்கு விற்பது அநியாயம் என்பேன். தினசரிச் சட்டைக்கு 80 முதல் 120 வரை, இரட்டை நூலாக முறுக்கியது போதும். நீள இழைப் பருத்தியாக இருந்தால் அதே எண்ணிலும் துணி மென்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். எகிப்தின் கிசா, மேற்கிந்தியத் தீவுகளின் சீ ஐலண்டு, அந்த இனத்தைக் கலந்து இந்தியாவில் உருவாக்கிய சுவின் எல்லாம் இந்த ரகம்தான்.

துணி எதுவானாலும் சுருங்கும். அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூயெட், துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். சான்ஃபரைஸ்டு என்ற முத்திரை அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சம் இருக்கும். கேட்பதற்குச் சின்ன எண். 25 இஞ்ச் கையில் இரண்டு சதவீதம் என்றால் அரை இஞ்ச் போய்விடும். 15½ இஞ்ச் காலரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு இஞ்ச், அதாவது மேல் பட்டனைப் போட முடியாது. வெட்டும் முன் துணியை நனைத்துக் காய வைப்பாரா, அளவில் கூடுதல் விடுவாரா என்பதைக் கேட்டுவிடுங்கள். இரண்டில் எதுவென்றாலும் சரி. "இந்தத் துணி சுருங்கவே சுருங்காது சார்" என்பவரிடம்தான் ஜாக்கிரதை.

முதல் தடவை ஒரே ஒரு சட்டை. மூன்று எடுத்தால் சலுகை என்று ஆசை காட்டினாலும் ஒன்றுதான். லண்டன் ஜெர்மின் தெருவின் பழைய சட்டைக்காரர்கள்கூட முதலில் ஒரு மாதிரிச் சட்டை தைத்துக் கொடுத்து, உடுத்தித் துவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம்தான் மீதியை வெட்டுவார்கள். மூன்று நான்கு சலவை முடியட்டும். பிறகு கண்ணாடி முன் நின்று மடிப்புகளைப் பாருங்கள், அவை பேசும். பட்டன்களைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல இழுபட்டால் அந்த இடத்தில் இறுக்கம். பின்கழுத்துக்குக் கீழே படுக்கையாக மடிப்பு விழுந்தால், உங்கள் தோளின் சரிவு வெட்டியதைவிடக் குறைவு. தோளிலிருந்து அக்குளுக்குச் சாய்வாக மடிப்பு ஓடினால் சரிவு அதிகம். கையின் பின்புறம் மட்டும் சுருக்கம் திரண்டால், உங்கள் கை இயல்பாக முன்னோக்கித் தொங்குகிறது, அதற்கேற்பக் கையைத் திருப்பிப் பொருத்த வேண்டும். இதில் எதையும் டேப் காட்டாது.

இந்தச் சட்டையோடு திரும்பிப் போகும் நாள்தான் உண்மையான தேர்வு, நமக்கு அல்ல, அவருக்கு. நல்லவர் உங்களை வெளிச்சத்தில் நிறுத்திச் சுற்றி வருவார், தானே சாக்கட்டியை எடுப்பார், நீங்கள் கவனிக்காத குறையையும் கண்டுபிடித்து முணுமுணுப்பார். மற்றவர் டேப்பை எடுப்பார். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மடித்து மூடிய தையலில் உள்ளே துணி அதிகம் விட்டிருக்க மாட்டார்கள், அதனால் சட்டையைப் பிடித்துக் குறைக்கலாமே தவிரப் பெரிதாக்குவது கடினம். இந்தச் சட்டையை ஒட்டுப் போட்டுச் சரிசெய்வதைவிடப் பேட்டர்னைத் திருத்தி அடுத்ததை ஒழுங்காக வெட்டுவதே மேல்.

பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி தைங்க" என்பது பலருக்கும் சுலபமாகத் தெரிகிற வழி. பழகிய சட்டை பல சலவையில் இழுபட்டு, சுருங்கி, முழங்கையில் தொய்ந்து போயிருக்கும். அதன் குறைகளும் சேர்ந்தே நகலாகும். காலர் வடிவம் காட்ட, நீளம் காட்ட எடுத்துப் போகலாம், அவ்வளவுதான்.

எனக்கு இப்போது தைப்பவரை ஒரு ஆல்ட்ரேஷன் கடைக்காரர்தான் காட்டினார். முதல் நாள் அவர் டேப்பை எடுப்பதற்கு முன்னால் என்னை உட்காரச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார், மேல் அலமாரியிலிருந்து ஒரு துணிக் கட்டை எடுத்துத் தரச் சொன்னார். நான் உதவி என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, நோட்டில் "வ. தோள் இறக்கம், கை முன்னால்" என்று எழுதிக்கொண்டார். எண்கள் அதற்குப் பிறகுதான். எந்தக் கையில் வாட்ச் கட்டுவீர்கள் என்று கேட்டு அந்தக் கஃபைக் கால் இஞ்ச் கூட்டினார்.

அவருக்கு வயதாகிறது. இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே புதிதாகத் தேடுகிறவர்கள் இதையும் விசாரித்துவிடுங்கள்: வெட்டக் கற்றுக்கொள்ள யாராவது இருக்கிறார்களா, பேட்டர்ன் காகிதங்களைப் பத்திரமாக வைக்கிறார்களா. கேட்டால் பேட்டர்னைக் கையில் கொடுப்பவர்கள் குறைவு. அது அவர்கள் உழைப்பு, எனக்கு அதில் வருத்தமில்லை. என்ன திருத்தங்கள் செய்தார்கள் என்பதையாவது கேட்டு நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய மாஸ்டரிடம் ஒரு பெண் வெட்டப் பழகுகிறார். போன சட்டைக்கு யோக் வெட்டியது அவர்தான். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "வலது பக்கம் இன்னும் கால் இஞ்ச் இறக்கும்மா" என்றார். அந்தப் பெண் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "வேணாம் மாஸ்டர், சார் இப்ப பையை இடது தோள்ல மாட்டுறாரு, கொஞ்சம் நேராயிருக்கு" என்று சொல்லி அப்படியே வெட்டினார். சலவைக்குப் போய் வந்த பிறகும் காலர் இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கிறது. அடுத்த சட்டைக்குத் துணி எடுத்து அவரிடமே கொடுத்திருக்கிறேன்.